லோஷினி மாதிரியே

யோகேஸ்வரி நல்லதைத்தான் நினைத்தாள். ஒரு வாரமாக அதையே சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள், மனசு தேறினபாடில்லை.

மலேசியாவில், குளுவாங் டவுனில் ஒரு கிளினிக்கில் அவளுக்கு வேலை. சனிக்கிழமை காலைகளில் பக்கத்து ஊரான லாயாங் லாயாங்கில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பாள். முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் அமையவில்லை. பெண் பார்க்க வந்த மூன்று வீட்டாரும் வடையைச் சாப்பிட்டு, காபியையும் குடித்துவிட்டு, "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி" என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள், மகராசன்கள். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பி ரூபேந்திரனிடம் சொல்லி, ஆப்பிரிக்க நாட்டுப்புறக் கதைகளாகப் பார்த்துப் படப் புத்தகங்கள் வாங்கிவரச் செய்தாள். கறுத்த ராணிகளையும் கறுத்த வீரர்களையும் நம் பிள்ளைகள் கண் நிறையப் பார்க்கட்டும் என்று ஆசை. ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்துப் படித்துத் தமிழில் சொல்வாள்.

போன சனிக்கிழமை ஒரு முதலைக் கதை. ஆற்றின் குறுக்கே படுத்துக்கொண்டு ஊருக்குத் தண்ணீர் விடாத முதலையிடம் ஒரு சிறுமி போய், "கரையில விழுந்து கிடக்கிற பனைமரம் நீளமா, நீ நீளமா?" என்று கேட்கிறாள். யோகேஸ்வரி அந்த இடத்தில் நிறுத்தினாள்.

"முதலை கரை ஏறுமா, ஏறாதா?"

"ஏறும் டீச்சர். அதுக்குப் பெருமை ஜாஸ்தி."

சொன்னது லோஷினி. எட்டு வயசு. வந்து சேர்ந்த நாலு மாசத்தில் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. யோகேஸ்வரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எழுந்து போய்ப் புத்தகத்தை அவள் முகத்தருகே தூக்கிப் பிடித்தாள்.

"எல்லாரும் இங்க பாருங்க! இந்தப் பொண்ணு நம்ம லோஷினி மாதிரியே இல்ல? அதே கலரு, அதே சுருட்டை முடி!"

"அலமாக், லோஷினி ஆப்பிரிக்கா லா!" என்றான் பின்னால் உட்கார்ந்திருந்த பையன் ஹேமநாதன். மண்டபமே சிரித்தது. யோகேஸ்வரி அவனைத் திட்டினாள், எல்லாரையும் அதட்டினாள். லோஷினி இரண்டு கன்னத்தையும் கைகளால் மூடிக்கொண்டாள். முதலை கரையேறி, தண்ணீர் ஊருக்குள் ஓடிவந்த படத்தை அவள் பார்க்கவே இல்லை.

இந்தச் சனிக்கிழமை அவள் வரவில்லை. வாசிப்பு முடிந்ததும் யோகேஸ்வரி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். கதவைத் திறந்த அம்மா பிரேமலா தொழிற்சாலைச் சீருடையைக்கூட இன்னும் மாற்றியிருக்கவில்லை. உட்காரச் சொன்னாள், மரியாதைக்குக் குறைவில்லை.

"பசங்க கிண்டல் பண்ணிட்டாங்க. நான் அங்கேயே திட்டிட்டேன்," என்றாள் யோகேஸ்வரி.

"பசங்க சொல்றது அவளுக்குப் பழக்கம்தான் டீச்சர். ஸ்கூல்ல தினமும் நடக்குது. நீங்க சொன்னதைத்தான் தாங்க முடியல."

"நான் பெருமையாத்தான் சொன்னேன். நானும் கறுப்புதானே பிரேமலா?"

"தெரியும் டீச்சர்," என்றாள் பிரேமலா. அந்த இரண்டு வார்த்தை யோகேஸ்வரிக்குச் சுருக்கென்றது.

உள்ளிருந்து லோஷினி வந்தாள். முகத்திலும் கழுத்திலும் திட்டுத்திட்டாகப் பவுடர். கண்ணைச் சுற்றி மட்டும் ஈரத்தில் கரைந்திருந்தது. அதைப் பார்த்ததும் யோகேஸ்வரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது.

"லோஷினி, அந்தப் பொண்ணு எவ்வளவு அழகு தெரியுமா? அதனாலதான் டீச்சர்..."

"அவ முதலையை ஏமாத்தினா," என்றாள் லோஷினி. குரல் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் நடுங்கவில்லை. "அதுக்குப் பெருமை ஜாஸ்தின்னு அவ கண்டுபிடிச்சா. நானும் கண்டுபிடிச்சேன். என்னை மாதிரின்னு நீங்க அதைச் சொல்லியிருக்கலாம். ஏன் கலரைச் சொன்னீங்க?"

ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். பிள்ளைதானே, நம்பியிருக்கும். யோகேஸ்வரிக்கு மனசு வரவில்லை.

"எனக்கு முதல்ல அதுதான்மா கண்ணுல பட்டுச்சு. தப்புதான்."

லோஷினி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"எல்லாருக்கும் அதுதான் டீச்சர் படுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.