நேரே வந்து சொன்னது

டாக்டர் வசந்தகுமாரி அதுவரை பதினேழு ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருந்தாள். எழுதியிருந்தாள் என்பதைவிட, பதினேழு கட்டுரைகளில் அவள் பெயர் எங்கோ இருந்தது என்பதுதான் சரி. மூன்றாவதாக, ஐந்தாவதாக, ஒன்றில் பதினோராவதாக. காசநோய், மலேரியா, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு என்று மனுஷனைத் தொற்றும் எல்லாவற்றிலும் அவள் உழைப்பு இருந்தது. ஆனால் அந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டுகிறவர்கள் முதல் ஆளின் பெயரைப் போட்டு, 'மற்றும் பலர்' என்று முடித்துவிடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக அவள் அந்தப் பலரில் ஒருத்தி.

1994 ஜனவரியில் பல்கலைக்கழகத்துத் துறைத் தலைவர் அவளைக் கூப்பிட்டு, நல்ல காப்பி ஒன்று கொடுத்து, கெட்ட செய்தியைச் சொன்னார். அடுத்த வருஷம் மே மாதம் அவளை நிரந்தரமாக்குவது பற்றிக் குழு கூடும். அதற்குள் அவள் பெயர் முதலில் நிற்கும் கட்டுரை ஒன்றாவது ஏற்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தம் அத்தோடு சரி. அவள் "மெர்சி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். எதற்கு நன்றி சொன்னோம் என்று மெட்ரோ ஏறிய பிறகுதான் யோசித்தாள்.

"பதினேழு எழுதினவளுக்குப் பதினெட்டாவது ஒரு கஷ்டமா?" என்றார் அவள் கணவர் நாகசுப்பிரமணியன், கர்க்லாண்ட் புறநகர் வீட்டில் ரசத்தைக் கிளறிக்கொண்டே. அவர் பாலம் கட்டும் எஞ்சினியர். அவர் கட்டிய எந்தப் பாலமும் மூன்றாம் நாள் திரும்பி வந்து அவரிடம் கையைக் காட்ட வேண்டியிருந்ததில்லை.

அவளுடைய ஆராய்ச்சிக்கு அதுதான் உயிர். நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் குடியேறியிருக்கும் தமிழர்களில் எத்தனை பேர் உடம்பில் காசநோய்க் கிருமி சத்தமில்லாமல் தூங்குகிறது என்று பார்க்க வேண்டும். முன்கையில் தோலுக்குள் ஒரு சின்ன ஊசி. இரண்டு நாளுக்குப் பிறகு, மூன்று நாளுக்குள், அந்த இடம் தடித்திருக்கிறதா என்று அளவுகோல் வைத்து அளக்க வேண்டும். அளக்காத ஊசி போடாத ஊசி. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதத்தில் நூற்றியிருபது பேருக்குப் போட்டாள். திரும்பி வந்தவர்கள் முப்பத்தொன்பது பேர். மற்ற எல்லோருக்கும் மறுபடி வரச்சொல்லிக் கடிதம் போட்டிருந்தாள், அதுவும் தன் கையால் எழுதி நகல் எடுத்த சுத்தத் தமிழில். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, ஊசி போடும் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கும் சிவமலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு வருஷம். புருஷன் தியாகலிங்கத்துக்குத் துறைமுகத்துப் பக்கம் கிடங்கு வேலை.

"எதுக்குச் சிரிக்கிற? ஏதாவது தப்பா எழுதிட்டேனா?"

"இல்லை டொக்டர், வடிவா எழுதியிருக்கிறியள். ஆனா கடிதத்தில சொன்னா ஆர் வருவினம்? எங்கட ஆக்களுக்கு வீட்டை போய்ச் சொல்லவேணும். தபாலில சொன்னா, வராட்டிலும் பரவாயில்லை எண்டு அர்த்தம்."

"எழுபது எண்பது வீட்டுக்கு நான் போகணுமா?"

"நீங்களும் நானும். நாங்களும் வீடு வீடாய்ச் சொல்லப் போகத்தானே இருக்கிறம், ஜூன் மாசம் பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாள். சனிக்கிழமை ஹோல் எடுத்திருக்கிறம். நேரை போய்ச் சொன்னா ஒருத்தரும் வராம நில்லாயினம்." இதைச் சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேரும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்கள். வியாழக்கிழமை மாலை ஊசி. சனிக்கிழமை மாலை கேக். நடுவில் சரியாக நாற்பத்தெட்டு மணி நேரம்.

பழைய கணக்கை அப்படியே ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது என்று முடிவாயிற்று. ஆராய்ச்சி நெறிக்குழு மூன்று தடவை கேள்வி கேட்டு எழுதியது. பிறந்தநாள் விழாவில் ஒருவருடைய முடிவு இன்னொருவருக்குத் தெரியாமல் எப்படிக் காப்பீர்கள்? தனி அறை, மூடிய கதவு, பெயருக்குப் பதில் எண் என்று பதில் போனது. விழாவுக்கு எத்தனை பேர் வருவார்கள்? இருநூறு. ஒரு வயதுக் குழந்தைக்கா? ஆம், ஒரு வயதுக் குழந்தைக்குத்தான். நான்காவது கடிதம் வரவில்லை. அவர்களுக்கும் களைத்துவிட்டது போல.

மே மாதம் முழுக்க வசந்தகுமாரி படி ஏறினாள். பார்க் எக்ஸ்டென்ஷன் வீடுகளுக்கு லிப்ட் கிடையாது, அவள் முழங்காலுக்கு இரக்கம் கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் தேத்தண்ணி. வேண்டாம் என்றால் முகம் சுருங்கிப்போகும். முதல் சனிக்கிழமை ஒன்பது தேநீர், ஆறு ரோல்ஸ், ஒரு பெரிய கிளாஸ் பால்மா. சிவமலர் பிறந்தநாளைச் சொல்லிவிட்டு ஊசிப் பேச்சுக்கு வருவாள். "இது இமிகிரேசனுக்குப் போகாது. டொக்டரும் தமிழ்தான். கிருமி இருந்தா மருந்து சும்மா தருவினம்." அந்த முதல் வாக்கியம் விழுந்ததும் வீட்டுக்காரர்களின் தோள் இரண்டு அங்குலம் இறங்குவதை வசந்தகுமாரி கவனித்தாள். இதைச் சொல்லாமல் இத்தனை நாள் ஊசியும் கையுமாக நின்றோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஜூனில் அந்த வியாழக்கிழமை கிளினிக்கில் நூற்றியெண்பத்தேழு பேர் கை நீட்டினார்கள்.

சனிக்கிழமை ஹோலில் பலூன், பாட்டு, வீடியோக்காரரின் கண் கூசும் வெளிச்சம். குழந்தை அஜந்தா தலைக்கு மேல் கிரீடம் வைத்துக்கொண்டு அழுதது. மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் வசந்தகுமாரியும் ஒரு நர்ஸும் அளவுகோலோடு இருந்தார்கள். பட்டுச்சேலைகளும் கோட்டுகளும் வரிசையில் வந்தன. காப்பை மேலே ஏற்று, கையைக் காட்டு, எண்ணைச் சொல், போய்ச் சாப்பிடு. வராத மூன்று பேர் ரொறன்ரோவுக்கும் வேலைக்கும் போயிருந்தார்கள். எட்டு மணிக்கு இன்னும் ஒரே ஓர் எண் மிச்சம். உருத்திரமூர்த்தி.

"மனுசி வந்து நிக்கிறா, அவர் வரேல்லை," என்றாள் சிவமலர். அவர் மனைவியைக் கேட்டபோது அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். இவர்கள் சொல்லப் போன அன்று உருத்திரமூர்த்தி வேலை முடிந்து உள்ளே படுத்திருந்தார். எழுப்ப வேண்டாமென்று மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். "ஊசி டொக்டரின்ர அலுவல், அதுக்குப் போனனான். பிறந்தநாள் அவையின்ர வீட்டு அலுவல். அதுக்கு எனக்கு ஆர் சொன்னது?" என்கிறாராம்.

நூற்றியெண்பத்து மூன்று பேரை அளந்தாயிற்று, ஒருவர் போனால் என்ன என்று கட்டுரை எழுதுகிறவள் நினைத்திருக்கலாம். டாக்டரால் அப்படி நினைக்க முடியவில்லை. தியாகலிங்கத்தோடு அவர் வேனில் ஏறி நேரே உருத்திரமூர்த்தி வீட்டுக்குப் போனாள். அளவுகோல் கைப்பையில் இருந்தது. வாசலிலேயே கையைக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஒரு மாதம் படி ஏறியவளுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதைக்குறைவு என்று தெரிந்திருந்தது.

"அண்ணை," என்றாள், சென்னை வாயில் அந்தச் சொல் கொஞ்சம் தடுக்கியது. "சிவமலரோட குழந்தைக்கு இன்னைக்கு முதல் பிறந்தநாள். அன்னைக்கு உங்களைப் பாத்துச் சொல்லாமப் போனது எங்க தப்பு. நீங்க கண்டிப்பா வரணும்."

உருத்திரமூர்த்தி அவளைப் பார்த்தார். பிறகு தியாகலிங்கத்தைப் பார்த்தார். "இப்ப சொன்னியள், சரி. இருங்கோ, சேட் மாத்திக்கொண்டு வாறன். தேத்தண்ணி குடிக்கிறியளே?"

குடித்தார்கள்.

அன்றைக்கு அளந்த தடிப்புகளிலேயே அவருடையதுதான் பெரிது. பத்தொன்பது மில்லிமீட்டர். திங்கட்கிழமை எக்ஸ்ரே எடுத்தபோது நுரையீரலில் சின்னதாக ஒரு நிழல். இருமல்கூட இன்னும் தொடங்கவில்லை. அவர் ஓர் உணவகத்துச் சமையலறையில் பன்னிரண்டு பேரோடு வேலை செய்கிறவர், வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்த எக்ஸ்ரேயை வசந்தகுமாரி வெளிச்சத்தில் இரண்டாம் தடவை தூக்கிப் பார்த்தாள். ஒரு தூங்குகிற மனிதரை எழுப்பாததால் கண்ணில் படாமலே போயிருக்கக்கூடியது இது. மாத்திரை தொடங்கினார்கள். அவர் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. அவரும் பிள்ளைகளும் சுகம்.

கட்டுரை செப்டம்பரில் போனது. முதல் பெயர் வசந்தகுமாரி. இரண்டாவது சிவமலர்.

"ஐயோ, என்ர பேர் ஏன்? நான் தேத்தண்ணி குடிச்சதுதானே."

"அதுதாம்மா ஆராய்ச்சி முறை."

டிசம்பரில் பதில் வந்தது. கட்டுரையைப் படித்துப் பார்த்த நிபுணர்களில் ஒருவர், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் திரும்பி வந்ததாகச் சொல்வது நம்பும்படி இல்லை, விளக்கவும் என்று கேட்டிருந்தார். வசந்தகுமாரி மூன்று பக்கம் எழுதி, கிழித்துப் போட்டு, கடைசியில் ஒரே வாக்கியம் சேர்த்தாள். 'பங்கேற்றவர்களை ஆய்வாளர்கள் வீட்டுக்கு நேரில் சென்று அழைத்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர் ஒருவரைத் தவிர.' பிப்ரவரியில் ஏற்றுக்கொண்டார்கள். மே மாதம் குழு கூடி அவளை நிரந்தரமாக்கியது. துறைத் தலைவர் மறுபடி நல்ல காப்பி கொடுத்தார். இந்தத் தடவை சொன்ன மெர்சிக்குக் காரணம் இருந்தது.

வீட்டில் ஒரு விருந்து வைக்கலாம் என்றார் நாகசுப்பிரமணியன். "கம்ப்யூட்டர்ல அழகா ஒரு கார்டு அடிச்சுத் தரேன். தபால்ல போட்டுடு."

வசந்தகுமாரி அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சிவமலர் கதவைத் திறந்து, மூச்சு வாங்க நின்றவளைப் பார்த்துத் திகைத்தாள். "இதுக்கே மூண்டு மாடி ஏறி வந்தனீங்கள்? ஒரு போன் அடிச்சிருந்தா வந்திருப்பம்தானே!"

"வந்திருக்க மாட்டீங்க. என்கிட்ட புள்ளிவிவரம் இருக்கு. உன் வீட்டுக்காரர் எங்க? தூங்கறாரா? எழுப்பு, அவர்கிட்டயும் சொல்லணும்."

சிவமலர் சிரித்தபடி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். வசந்தகுமாரியின் கையில் அழைக்க வேண்டியவர்களின் பட்டியல் இருந்தது, நாற்பத்திரண்டு வீடு. சிவமலர் அதை எட்டிப் பார்த்தாள்.

"என்ன டொக்டர், என்ர பேரே முதலாவது?"

"பின்ன?" என்றாள் வசந்தகுமாரி. "போ, தேத்தண்ணி போடு."