நாத்தனார் கொடுத்தது

அவளும் அவள் நாத்தனாரும் மூன்று வருஷம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு கல்யாண உடை. பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருந்த அவள்தான் நாத்தனாருக்கு அதைத் தைத்தாள். "கையைத் தூக்க முடியல அண்ணி" என்று நாத்தனார் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். நாத்தனார் பள்ளி பஸ் ஓட்டுபவள். குரலை வைத்து வீட்டில் அவளுக்கு ஹாரன் என்று பேர்.

பிறகு அண்ணிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனது. கணவனுடையது பொருந்தவில்லை. பேச்சுவார்த்தையே இல்லாத ஹாரன் தானாகப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு வந்து நின்றாள். "என்னுது பொருந்துதாம், அண்ணி."

மாற்று அறுவை நடந்து ஆறு வருஷம். புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்கக் காலையும் இரவும் மாத்திரை. ஒரு வேளைகூட அவள் தவறவிட்டதில்லை. அதே மாத்திரைகளால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் ஏறலாம், இதயத்தையும் கவனிக்கணும் என்று டாக்டர் போகும்போதெல்லாம் சொல்வார். அவளும் தலையாட்டுவாள்.

இந்த வருஷம் பள்ளி திறக்கிற நேரம், துணி வெட்டும் மேசையருகே நிற்கும்போது இடது தோளிலிருந்து தாடைவரை ஒரு வலி. உட்கார்ந்தால் விட்டுவிடும். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் ஹாரன் கொடுத்தது போய்விடும் என்று பயம்.

ஒரு மதியம் மகனுக்குச் சட்டை வாங்க வந்த ஹாரன், அவள் துணி மூட்டைமேல் வேர்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. புழுக்கம்."

"ஃபேன் உங்க தலைக்கு மேலதான் சுத்துது."

வெளியே நின்ற காலி பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனாள். நாற்பது சீட்டுக்கு ஒரே ஆள்.

இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம், மருந்து செலுத்திப் படம் எடுத்தால்தான் தெரியும், அந்த மருந்து சிறுநீரகத்தைக் கொஞ்சம் சிரமப்படுத்தலாம் என்றார் டாக்டர்.

"அப்ப வேண்டாம்" என்றாள் அவள்.

"ஏன் வேண்டாம்?" என்றாள் ஹாரன்.

"உன் கிட்னிக்கு ஏதாவது ஆயிட்டா?"

ஹாரன் குரல் முதல்முறையாக இறங்கியது. "என்னுதா? ஆறு வருஷமா வேளை தவறாம மாத்திரை போட்டுப் பாத்துக்கிட்டது யாரு? நீங்க போயிட்டா அத வெச்சு நான் என்ன பண்றது? சண்டை போடக்கூட எனக்கு வேற அண்ணி கிடையாது."

மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்றுதான் வலியைச் சொல்லவில்லை என்று அவள் ஒப்புக்கொண்டதும் டாக்டர் சொன்னார்: "மாத்திரைய யாரும் நிறுத்தப்போறதில்லம்மா. ஒண்ண மாத்துவோம், ஒண்ணக் குறைப்போம், கொழுப்புக்கு ஒண்ணு சேப்போம். படத்துக்கு மருந்தும் கம்மியாத்தான் போடுவோம். வலி வந்த அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கணும்."

ஒரு குழாயில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் பழையபடியே வேலை செய்தது. கணவன் அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

இப்போது தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸைப் பள்ளியில் விட்டுவிட்டு ஹாரனும் வந்துவிடுவாள். விளையாட்டுத் திடலை இருவரும் மூன்று சுற்று நடப்பார்கள். ஒரு சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னாலதான் இருக்கேன். ரெண்டு தடவை. இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லல."

ஹாரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். கையை மட்டும் விடவில்லை.