அறுபது கேடயங்கள்

டிசம்பர் கண்காட்சியில் சரித்திரப் பிரிவுக்குப் பண்டைய கிரேக்கம் என்று முடிவானதும், பாகீரதிக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஜாதவ்பூர் பக்கம் ஒரு பள்ளியில் பதினாலு வருஷமாக ஆறாம் வகுப்புக்குச் சரித்திரம் எடுக்கிறாள். ஏதென்ஸ் நகரத்தில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று காட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. சந்தை, வீடு, தறி, குன்றின்மேல் ஜனங்கள் கூடிக் கை தூக்கி முடிவெடுக்கிற சபை.

பூஜை விடுமுறை முடிந்த கையோடு பிள்ளைகள் வேலையில் இறங்கினார்கள். ஸ்னேகா என்கிற பெண் அட்டையிலேயே ஒரு குலுக்கல் பலகை செய்துவிட்டாள். ஏதென்ஸில் பல அதிகாரிகளைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தார்கள். பெயர் எழுதிய சீட்டுகளைப் பலகையின் துளைகளில் செருகி, பக்கத்துக் குழாயில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோலிகளைப் போட வேண்டும். வெள்ளைக் கோலி எந்த வரிசைக்கு விழுகிறதோ அந்த வரிசைக்குப் பதவி.

கண்காட்சிக்குப் பதினாறு நாள் இருக்கும்போது ஆசிரியர் கூட்டம் நடந்தது. விளையாட்டு ஆசிரியர் ஃபிராங்க்ளின் எழுந்தார். பாளையங்கோட்டையிலிருந்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது.

"மேடம், கிரேக்கம்னா போர் இல்லாம எப்படி? அறுபது பிள்ளைங்களைக் கேடயமும் ஈட்டியுமா நெருக்கி நிறுத்தி ஒரு அணிவகுப்பு வைக்கலாம்" என்றார் ஆங்கிலத்தில்.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பிரின்சிபல் மிசஸ் லாஹிரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

அணிவகுப்பு வந்தால் தன் சந்தையும் தறியும் மூலைக்குப் போய்விடும் என்று பாகீரதிக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று நேராகச் சொன்னால் பொறாமை என்பார்கள். அதனால் வேறு வழியில் போனாள். "செய்யலாம் மேடம். ஆனா அரைகுறையா செஞ்சா அசிங்கம். ஒரே அளவுல அறுபது வட்டக் கேடயம் வேணும். அறுபது தலைக்கவசம். எட்டடி ஈட்டி. தினம் இரண்டு பீரியட் பயிற்சி. பெரிய ஹால் முழுசும் வேணும், இப்ப அங்க இருக்கிறதையெல்லாம் எடுத்தாகணும்." சொல்லிக்கொண்டே போனாள். இவ்வளவையும் கேட்டால் பயந்து விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள்.

மிசஸ் லாஹிரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "இப்படித்தான் தெளிவா சொல்லணும். இதுல ஒண்ணைக்கூடக் குறைக்க வேண்டாம். எல்லாம் தந்துடறேன். நீங்களே பொறுப்பெடுத்துக்கோங்க பாகீரதி."

கரியாஹாட்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. நிகியாஸ். சிசிலிமேல் படையெடுக்க வேண்டாம் என்று ஏதென்ஸ் சபையில் பேசியவன். கேட்கமாட்டார்கள் என்று தெரிந்ததும், போவதானால் நூறு கப்பல் வேண்டும், ஐயாயிரம் வீரர் வேண்டும் என்று பெரிய கணக்காகச் சொல்லி மிரட்டப் பார்த்தான். சபை உற்சாகமாக அத்தனையும் கொடுத்தது. இஷ்டமில்லாத அவனும் தளபதிகளில் ஒருவனாகப் போக வேண்டியதாயிற்று. போன படை திரும்பவில்லை, அவனும் திரும்பவில்லை. இதை வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறவள் அவள். தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாளே ஹாலில் பிள்ளைகள் செய்து வைத்திருந்த சந்தையும் தறியும் மூட்டை கட்டப்பட்டு மாடிக்குப் போயின. குலுக்கல் பலகைக்கு மட்டும் மாடிப்படித் திருப்பத்தில் ஒரு மேஜை கிடைத்தது. மற்ற பிள்ளைகள் ஈட்டி பிடிக்கப் போய்விட்டார்கள். ஸ்னேகா போகவில்லை.

பயிற்சியில் ஒரு தொல்லை. அணி நேராகவே நடக்கவில்லை, பத்தடிக்குள் வலது பக்கம் சரிந்தது. ஃபிராங்க்ளின் விசில் ஊதி ஊதி அலுத்துப்போனார்.

"என்ன டீச்சர், கோடு போட்டுக் குடுத்தும் இப்படிச் சாயுதுவ?" என்று, அவளிடம் மட்டும் பேசுகிற ஊர்த் தமிழில் கேட்டார்.

"அது தப்பில்லை சார். கேடயம் இடது கையில இருக்கு. வலது பக்கம் மறைப்பில்லை. அதனால ஒவ்வொருத்தனும் வலது பக்கத்துக்காரன் கேடயத்துக்குள்ள ஒதுங்கப் பார்க்கிறான். நிஜப் போர்லயும் அப்படித்தான் சரிஞ்சாங்க."

"அப்ப சரியாத்தான் செய்யுதுவளா?" என்று ஃபிராங்க்ளின் சிரித்தார். அந்த ஒரு நிமிஷம் அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. யாரும் சொல்லித்தராமல் பிள்ளைகளின் உடம்புக்கே அது தெரிந்திருந்தது. இதை எழுதி ஹாலில் ஒட்டலாமா என்று மிசஸ் லாஹிரியிடம் கேட்டாள். "பெற்றோர் படிக்க வரலை பாகீரதி, பார்க்க வர்றாங்க. நேரா நடக்கச் சொல்லுங்க" என்றார் அவர். தரையில் கயிறு கட்டி நேராக்கினார்கள்.

கண்காட்சியன்று ஹாலில் நிற்க இடமில்லை. நேராக நடந்த அணியை எல்லோரும் போனில் படம் பிடித்தார்கள். மூன்று தடவை நடத்தச் சொன்னார்கள். மிசஸ் லாஹிரி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாகீரதி நன்றி சொன்னாள்.

மூன்றரை மணிக்கு ஸ்னேகா ஹால் வாசலில் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"யாருமே வரலை மிஸ். மாலதி மாஷி மட்டும்தான் வந்தா." மாலதி மாஷி பள்ளியில் பெருக்கித் துடைக்கிறவள். "பேர் போட்டா. வெள்ளைக் கோலி விழுந்தது. ஒரு வருஷம் நீதான் சந்தை அதிகாரின்னு சொன்னேன். ரொம்பச் சிரிச்சா. அப்புறம் நான் நிஜத்தைச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னே?"

"பொம்பளைங்க பேர் போட முடியாது, அடிமை வேலைக்காரங்களும் முடியாதுன்னு. அப்புறம் எதுக்கு என் பேரைக் கேட்டே அப்படின்னு கேக்கறா. நீங்க வாங்க மிஸ்."

பாகீரதி அவளோடு போனாள். மாலதி மாஷி படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். கோபமாகத் தெரியவில்லை.

"நாள் பூரா குன்றுமேல உட்கார்ந்து கை தூக்கினாங்களே, வீட்டுல சோறு யார் ஆக்கினா தீதி?" என்று வங்காள மொழியில் கேட்டாள்.

"பேர் போட முடியாதவங்கதான்."

"அதை எங்கேயும் எழுதலையே."

எழுத வேண்டும் என்றுதான் பாகீரதி இருந்தாள். கேடய வேலையில் விட்டுப்போயிற்று. ஸ்னேகாவின் ஸ்கெட்ச் பேனாவை வாங்கி, ஒரு சார்ட்டின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள். பெண்கள். அடிமைகள். வெளியூரிலிருந்து வந்து அங்கேயே பிழைத்தவர்கள். இவர்கள் யாரும் இந்தப் பலகையில் பெயர் போட முடியாது.

ஒட்டி முடித்தபோது, கண்காட்சி முடிகிற நாலு மணிக்கு ஐந்து நிமிஷம்தான் இருந்தது. மேலேயிருந்து ஒரு தம்பதி இறங்கி வந்தார்கள். அந்த மனுஷன் மேஜை முன்னால் நின்றார். ஸ்னேகா சட்டென்று நிமிர்ந்து, வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார் அவர்.

ஸ்னேகா கையைக் காட்டினாள். பாகீரதி அந்தச் சீட்டை அவள் கையிலிருந்து வாங்கி, தன் பெயரை எழுதிப் பலகையில் செருகினாள்.