பூஜையில் வைத்த பேனாக்கள்

மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கி, பூக்கடையில் கதம்பம் வாங்கிக்கொண்டு சண்முகவடிவு மாடியேறி வந்தபோது வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. எதிர்வீட்டு ருக்கு மாமியின் செருப்பு, மேல்மாடிப் பெண்களின் செருப்புகள், எல்லாவற்றுக்கும் ஓரத்தில், சுவரை ஒட்டி நேராக வைக்கப்பட்ட கணவன் நெல்லையப்பனின் ஷூ. இன்றைக்கு அவன் அவளுக்கு முன்னால் வந்துவிட்டான். பம்பாயில் தசராவுக்குத்தான் லீவு. சரஸ்வதி பூஜையன்று ஆபீஸ் உண்டு. அதனால் அந்த வீட்டில் பூஜை எப்போதும் சாயங்காலம்தான், மகனும் மருமகளும் ஆபீஸ் விட்டு வந்த பிறகு.

உள்ளே கால் வைத்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். பாகிஸ்தானோடு சண்டை நின்று சில நாட்களே ஆகியிருந்தன. விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டிய பழுப்புக் காகிதத்தை யாரும் இன்னும் கிழிக்கவில்லை. அறைக்குள் வெளிச்சம் குத்துவிளக்கிலிருந்து மட்டும் வந்தது. பலகையின் மேல் சரஸ்வதி படம். படத்தின் இரு பக்கமும் நெல்லையப்பனின் ரயில்வே புத்தகங்கள், மாமியார் தினமும் படிக்கும் பாட்டுப் புத்தகம், தையல் மிஷினின் சாமான் பெட்டி. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வாழையிலை. இலையின் மேல், ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, வரிசையாக அவளுடைய ஏழு பேனாக்கள்.

"வந்துட்டியா ளா? வா, வந்து பாரு." மாமியார் மீனாட்சியம்மாள் திரியைத் தூண்டிவிட்டபடி திரும்பினாள். முகம் முழுக்கப் பூரிப்பு. "அம்மனுக்குச் சாத்தப் பட்டுத்துணி தேடி உன் டிரங்குப் பெட்டியத் தொறந்தேன். அடியில இது கெடக்கு, பழந்துணியில சுத்தி. இம்புட்டையும் வச்சிக்கிட்டு வருசா வருசம் ஒரு ஓட்டப் பேனாவயா ளா சாமிக்கு முன்னால வச்சோம்? வளையமெல்லாம் மங்கிக் கெடந்துச்சு. புளி போட்டு நல்லா வெளக்கிட்டேன்."

வடிவு குனிந்து பார்த்தாள். மூடி வளையங்களில் இருந்த மெல்லிய தங்கப்பூச்சு பாதி போய், அடியிலிருந்த பித்தளை குத்துவிளக்கின் பாதம்போல் பளிச்சென்று தெரிந்தது. மாமியார் எத்தனை நேரம் உட்கார்ந்து தேய்த்திருப்பாள் என்று நினைத்தபோது கோபம் வரவில்லை.

"ஏண்டி அமுக்குணிக் கள்ளி," என்றாள் ருக்கு மாமி. "ஆத்துக்குள்ள பேனாக் கடையே வச்சிண்டு, பால் கணக்கு எழுதப் பேனா கேட்டா ஒரு பென்சில் துண்டை நீட்டினியேடி! அதுவும் கூர் இல்லாத பென்சில்!"

மேல்மாடிப் பெண்கள் சிரித்தார்கள். சமையலறை வாசலில் வேட்டிக்கு மாறி, நெற்றியில் திருநீறோடு நின்றிருந்த நெல்லையப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அவளைப் பார்க்கவும் இல்லை. பேனாக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், தெரியாத ஆட்களின் செருப்பு தன் வீட்டு வாசலில் கிடப்பதைப் பார்ப்பவன் மாதிரி.

சால்வெட்டி என்பது அந்தப் பேனாக்களின் பெயர். இத்தாலியில் தூரின் நகரத்துச் சின்னப் பட்டறை ஒன்றில் செய்தவை. பட்டறை போன உலக யுத்தத்தோடு மூடிப்போயிற்றாம். நாகூர் மீரான் சொன்னது. மீரான் கோட்டைப் பகுதியில், அவள் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்சிக்குப் போகிற வழியில், ஒரு தூணை ஒட்டிக் கண்ணாடிப் பெட்டி வைத்துப் பேனா பழுதுபார்ப்பவர். இத்தாலியக் கப்பல் வந்தால் மாலுமிகள் வீட்டில் கிடந்த பழம்பேனாக்களை அவரிடம் தள்ளிவிட்டுப் போவார்கள். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றவளின் கண்ணில் அவற்றில் ஒன்று பட்டது. பச்சை. ஆனால் ஒரே பச்சை இல்லை. பாசிக்குள் வெயில் இறங்கியதுபோல அதற்குள் அடுக்கடுக்காக ஆழம் தெரிந்தது. "பார்க்கரு எல்லாவன் சட்டைப் பையிலயும் இருக்கும்மா," என்றார் மீரான். "இது அப்படி இல்ல. தகட்டுல அறுத்துச் செய்யறவன். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராது."

அந்தச் சொல்தான் அவளைப் பிடித்துக்கொண்டதோ என்னவோ. ஆபீஸில் சுருக்கெழுத்துக்குப் பென்சில், கடிதங்களுக்கு டைப்ரைட்டர். யாரோ சொன்ன வாக்கியங்களை யாருக்கோ அடித்து, தாளின் இடது மூலையில் தன் பெயரின் முதலெழுத்தை மிகச் சிறியதாகப் போடுவாள், தவறு இருந்தால் யாரைக் கேட்பது என்று தெரிவதற்காக. சம்பளக் கவர் பிரிக்கப்படாமல் வீட்டுக்கு வரும். கைச்செலவுக்குத் திரும்பக் கிடைப்பதில் மத்தியானச் சாப்பாட்டையும் டீயையும் குறைத்து, நான்கு வருஷத்தில் ஏழு பேனா. அவற்றால் எழுதுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. வீட்டில் யாரும் இல்லாத ஞாயிறு மத்தியானங்களில் ஒன்றுக்கு மை ஊற்றி, பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கோடுகள் இழுப்பாள். ஒரு முள் வழுக்கும், ஒன்று கீச்சிடும், அந்தப் பச்சை மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதும். பிறகு கழுவித் துடைத்துச் சுற்றி வைத்துவிடுவாள். காலண்டர் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவாள்.

கைகால் கழுவச் சமையலறைக்குள் போனாள். நெல்லையப்பன் பின்னாலேயே வந்தான். வெளியே பெண்கள் சுண்டலுக்குத் தேங்காய் துருவுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. நான் வாங்குனது."

"ஏழு பேனா. இத்தாலிப் பேனா. நீ வாங்குன."

"ஆமா."

"உங்க ஆபீஸுக்கு வார கப்பக்காரன் எந்த ஊருக்காரன்?"

அவள் குழாயை மூடினாள். போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு இத்தாலியக் கப்பலின் அதிகாரி ஒருவர் ஏஜென்சியில் எல்லாருக்கும் இனிப்பு ரொட்டி கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நெல்லையப்பன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு துண்டுகூட எடுக்கவும் இல்லை. முழு ரொட்டியையும் கட்டிடம் முழுக்க விநியோகித்துவிட்டு வந்து கையை சோப்புப் போட்டுக் கழுவினான். அவன் கத்துகிறவன் அல்ல. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குப் பல சமயம் தோன்றியிருக்கிறது.

"வாங்குனதுன்னா எங்கிட்ட ஏன் சொல்லல?"

பயம் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. சொல்லியிருந்தால் அவன் சரி என்றே சொல்லியிருப்பான். அதுதான் விஷயம். சரி என்று அவன் சொன்ன நிமிஷத்திலிருந்து அவை அவன் அனுமதித்த பேனாக்கள் ஆகியிருக்கும். இதை எப்படி ஒரு மனிதனிடம் சமையலறையில் நின்று சொல்வது?

அவளுடைய மௌனத்தை அவன் தன் சந்தேகத்தின் கணக்கில் எழுதிக்கொண்டான். "சரி. வெளிய நாலு பேரு இருக்காங்க. ஆபீஸ்ல பூஜைக்குக் குடுத்து விட்டாங்கன்னு சொல்லிக்கிடுதேன். நீ ஒண்ணும் பேசாத. தசரா கழிஞ்சதும் எல்லாத்தையும் கொண்டுபோயி திருப்பிக் குடுத்திரு."

"யார்கிட்ட?"

"யாரு குடுத்தானோ அவன்கிட்ட."

அவன் கூடத்துக்குப் போனான். அவன் சொல்வது அவளுக்குக் கேட்டது. நன்றாக, சிரித்த குரலில்தான் சொன்னான். கப்பல் கம்பெனிப் பேனாக்களாம். பெரிய அதிகாரிகள் கையெழுத்துப் போடுகிறவையாம். நம் வீட்டுப் பூஜையில் வைத்துத் தரச் சொல்லிக் கொடுத்துவிட்டார்களாம்.

"ஆபீஸ் பேனாவா?" மீனாட்சியம்மாளின் குரல் இறங்கிப்போயிற்று. "நான் என் மருமகளோடதுன்னுல்லா வெளக்கி வச்சேன்."

"அதுக்கென்ன மாமி, லட்சுமி வந்தா சரஸ்வதிக்கும் லாபம்தான்," என்றாள் மேல்மாடிப் பெண் ஒருத்தி, எதற்கென்று தெரியாமல்.

ருக்கு மாமி, "ஆபீஸ் பேனாவைப் புடவைக்கு அடியில…" என்று தொடங்கி, வடிவு கூடத்துக்கு வருவதைப் பார்த்ததும் முடிக்காமல் விட்டாள். விட்டது சொன்னதைவிடச் சத்தமாக இருந்தது. வடிவு கதம்பத்தைப் படத்துக்குச் சாத்தினாள். பலகையை ஒட்டி ஓரமாக நின்றுகொண்டாள். நெல்லையப்பன் எதிரே, அறையின் நடுவில். இப்போதும் அவளைப் பார்க்கவில்லை.

தேங்காய் உடைத்தாயிற்று. சாம்பிராணி காட்டியாயிற்று. மீனாட்சியம்மாள் இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்திலிருந்து கற்பூரக் கட்டி ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து ஏற்றினாள். சுடர் குதித்து எழுந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியபோதுதான் வடிவுக்கு நினைவு வந்தது.

அது பேனாக்களின் வாசனை. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் வரும் அதே வாசனை. பச்சைப் பேனா வாங்கிய அன்று அவள் மோந்து பார்ப்பதைக் கண்டு மீரான் சிரித்தார். "கற்பூரம் போட்டுத்தாம்மா இந்த செல்லுலாய்டுத் தகடு காய்ச்சறது. பார்க்கறீங்களா?" என்று, உடைந்த மூடித் துண்டு ஒன்றைக் குறட்டால் பிடித்துத் தீக்குச்சி கிழித்தார். தீ தொடக்கூட இல்லை. பக்கத்தில் போனதுமே துண்டு சீறிக்கொண்டு பற்றி, கண்ணிமைப்பதற்குள் கரிந்து சுருண்டது. குறட்டை அவர் நடைபாதையில் போட்டுவிட்டார். "அடுப்படிப் பக்கம் வச்சிடாதீங்க."

மீனாட்சியம்மாளின் தீபாராதனை முறை எல்லாருக்கும் தெரியும். அவள் தூர நின்று காட்டுகிறவள் அல்ல. தட்டைத் தாழ்த்தி, புத்தகத்துக்குப் புத்தகம், பொருளுக்குப் பொருள், முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவதுபோல் காட்டிக்கொண்டே போய், கடைசியில் எரிகிற தட்டை அந்த இலையின் மேலேயே வைத்துவிட்டுத்தான் விழுந்து கும்பிடுவாள். காய்ந்த காகிதம் ஒட்டிய ஜன்னல் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

மணி ஒலித்தது. தட்டு படத்துக்கு எதிரே ஒருமுறை சுற்றியது. கீழே இறங்கத் தொடங்கியது.

"அத்தை, நில்லுங்க."

ஆரத்தி நடுவே நில் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. மணி நின்றது. மேல்மாடிப் பெண்களில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்ன ளா?"

"தீயக் கிட்ட கொண்டு போகாதீங்க. பேனா பத்திக்கிடும்."

"சாமி தீபம் என்னைக்கு ளா சுட்டிருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா," என்றான் நெல்லையப்பன். குரல் இதமாக இருந்தது. "ஆபீஸ் சாமான் பாருங்க. ஏதாவது ஆயிட்டா பதில் சொல்லணும்லா, அதான் பயப்படுதா. எடுத்து உள்ள வச்சிரு வடிவு. போதும்."

முதல் தடவையாக அவளைப் பார்த்தான். பார்வையில் கெஞ்சல்கூட இருந்தது. தலையை ஆட்டினால் போதும். இலையோடு தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம். ஒன்றும் எரியாது. ஏழும் பிழைத்துவிடும். நாளை மறுநாள் அவற்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறி, கொடுப்பதற்கு யாரும் இல்லாத ஓர் ஊரில், யாரிடமோ கொடுக்க வேண்டும். கொடுத்தாயிற்றா என்று அவன் ஒருமுறைதான் கேட்பான். கொடுத்தேன் என்று அவள் சொன்னால், கொடுக்க ஒருவன் இருந்தான் என்று ஆகிவிடும். அதற்கப்புறம் இந்த வீட்டில் அவன் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசமாட்டான். பேசாமலே இருப்பான்.

கற்பூரம் மாமியாரின் கையில் எரிந்துகொண்டிருந்தது. தட்டின் விளிம்பு சுட்டிருக்க வேண்டும். முந்தானையை இழுத்து அடியில் பிடித்துக்கொண்டாள்.

"ஆபீஸ் சாமான் இல்ல அத்தை," என்றாள் வடிவு. தன் குரல் இவ்வளவு சாதாரணமாக இருப்பது அவளுக்கே விசித்திரமாக இருந்தது. "என்னுது. ஏழும் நானே பார்த்துப் பார்த்து வாங்குனது. கோட்டையில தூணோரம் ஒரு பாய் கடை. யாரும் வந்து கேட்டுப் பாக்கலாம். அது கற்பூரம் போட்டுக் காய்ச்சுன தகடு. தீ கிட்ட வந்தா கற்பூரமாத்தான் எரியும்."

நெல்லையப்பனின் முகத்தில் கோபம் வரவில்லை. அவன் சொன்ன பொய் அவன் வாயிலேயே திரும்பி வந்து நிற்பதுபோல உதடுகளை இறுக்கிக்கொண்டான். ருக்கு மாமி தரையைப் பார்த்தாள்.

மீனாட்சியம்மாள் மகனைப் பார்த்தாள். பிறகு இலையைப் பார்த்தாள், தான் தேய்த்த வளையங்களை. பிறகு மருமகளிடம் கேட்டாள்: "எம்புட்டுத் தள்ளி நிக்கணும்?"

"கொஞ்சம் நல்லாவே தள்ளி, அத்தை."

அவள் பின்னால் நகர்ந்தாள். படத்துக்கு முதுகைக் காட்டாமல், தட்டைத் தாழவிடாமல், கால்விரலால் தரையைத் தடவித் தடவி. "இன்னுமா ளா?" "இன்னும் கொஞ்சம்." பெண்கள் புடவையை ஒடுக்கி வழிவிட்டார்கள். வாசற்படி வந்தது. அதையும் தாண்டி, நடையில் கிடந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கி நின்று, அங்கிருந்து தட்டை மெதுவாக மூன்று முறை சுற்றினாள். வெளிச்சம் சரஸ்வதியின் முகம் வரை எட்டவில்லை. நடுவில் நின்ற நெல்லையப்பனின் முதுகோடு நின்றுவிட்டது.

பிறகு தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். மேல்மாடிப் பெண்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ருக்கு மாமி ஒற்றிக்கொண்டு, வடிவின் தோளை லேசாக அழுத்திவிட்டுப் போனாள். வடிவு பலகைக்கு முன்னாலிருந்து நகராமல் கையை நீட்டித் தொட்டுக்கொண்டாள்; உள்ளங்கையில் சூடு வெகுநேரம் நின்றது. தட்டு கடைசியாக நெல்லையப்பனிடம் வந்தது.

"கும்பிட்டுக்கோ," என்றாள் தாய்.

அவன் கைகள் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. கண் தட்டின் மேல் இருந்தது. சுடர் தாழ்ந்து, விளிம்பு நீலமாகி, தட்டோடு ஒட்டிச் சுருங்கத் தொடங்கியது. மீனாட்சியம்மாள் ஒரு கையால் தட்டை அவன் முன்னால் நீட்டிப் பிடித்தபடியே, மறுகையால் இடுப்புப் பொட்டலத்தைத் தடவி எடுத்து, இன்னொரு கட்டிக் கற்பூரத்தை அதில் போட்டாள்.