பேரு வெளிய வராது

விடிகாலையில் வீட்டிலேயே உயிரைவிட்ட அசோகனை வாசலில் பெஞ்சின் மேல் கிடத்தி, குளிப்பாட்டச் சுப்புராயன் முதல் குடத்தைத் தூக்கியபோதுதான் அந்த ஆள் தண்டையார்பேட்டைச் சந்துக்குள் வந்தான். கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை, கையில் ஐஸ் பெட்டி.

"எச்.ஐ.வி. மருந்து ஆராய்ச்சியில இருந்தாரே அசோகன், அவர் வீடு இதுதானே?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான்.

சுப்புராயன் அசோகனோடு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்தவர். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். மற்றவர்களும் பின்னால் நகர்ந்தார்கள். எதிர்வீட்டுக்காரி பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

அசோகனின் தங்கை மதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அண்ணனின் நோய் அந்தத் தெருவில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆராய்ச்சியில் சேர்ந்த அன்றைக்கு அவளும் கூடப் போயிருந்தாள். பேர் வெளியே வராது, இனிமேல் நீங்கள் வெறும் நம்பர்தான் என்று இதே ஆள்தான் சிரித்துக்கொண்டே சொன்னான். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் அண்ணன் ரத்தமாக வாந்தி எடுத்து, நின்றுவிடுகிறேன் என்று கெஞ்சியபோதும் இவன்தான், பாதியில் நின்றால் ஆஸ்பத்திரிப் பக்கமே வரக்கூடாது என்று மிரட்டினான். ராத்திரி அண்ணனுக்கு மூச்சுத் திணறியபோது இவனுக்குத்தான் போன் போட்டாள். யாரும் வரவில்லை. செத்த சேதி சொன்னதும் வந்துவிட்டான்.

மீதி மாத்திரை வேண்டுமாம், கொஞ்சம் ரத்தமும் வேண்டுமாம். அசோகன் முன்பே சம்மதித்துவிட்டாராம்.

"தெரு பூரா சொல்லிக்கினு வந்தியே, அதுக்கும் எங்கண்ணன் சம்மதிச்சுதா?"

அவன் குரலைத் தாழ்த்தி, "உள்ள போய்ப் பேசலாம்மா" என்றான்.

"இப்ப இன்னாத்துக்கு மெதுவா பேசுற? உசுரோட இருக்கசொல்ல வேணாம் வேணாம்னுச்சு, நீ வுடல. இப்ப நான் சொல்றேன். ஒரு சொட்டு ரத்தம் தரமாட்டேன். எங்கண்ணன் மேல கைய வச்சுப் பாரு."

அவன் ஐஸ் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகும் யாரும் பக்கத்தில் வரவில்லை. மதி சுப்புராயனைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே குடத்தைத் தூக்கினாள். அண்ணனின் கழுத்து, அக்குள், துருத்திய விலா எலும்பு எல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். பெஞ்சிலிருந்து வழிந்த தண்ணீர் வாசலைத் தாண்டித் தெருவில் ஓடியது. நின்றிருந்தவர்கள் காலைத் தூக்கித் தூக்கி ஒதுங்கினார்கள்.

மதி அடுத்த குடத்தை எடுத்து அண்ணன் மேல் அப்படியே கவிழ்த்தாள்.