கஜபதியின் வயிற்றுக்குள் போன நூல்

1

சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு நூலில் தொடங்கியது. 2006இல் அரக்கோணம் ரயிலில் ஒரு டாக்டர் சொன்னார். வாய்வழியே குழாய் விட்டு, இரைப்பைக் கட்டியின் ஓரத்தில் ஒரு குட்டிக் கிளிப்பைக் கடிக்க வைப்பார்களாம். கிளிப்பில் கட்டிய நூலின் மறுமுனை வாய்க்கு வெளியே இருக்கும். அதை மெல்ல இழுத்தால் கட்டி தூக்கிக்கொண்டு நிற்கும். அடியைப் பார்த்து அறுக்கலாம். வெளிமுனையை யார் பிடிப்பார்கள் என்ற யோசனை அன்று என்னைப் பிடித்ததுதான், இன்னும் விடவில்லை.

2

முதல் தொடக்கம்: "திருத்தணி மலைமேல் பொழுது புலர்ந்தபோது..." (வேண்டாம். எல்லாக் கதையிலும் புலர்கிறது.)

இரண்டாவது: கே.ஜி.கண்டிகை விவசாயி கஜபதிக்கு இரைப்பையில் கட்டி. நூல் வைத்து எடுக்க முடியாவிட்டால் வயிற்றைத் திறந்து பாதி இரைப்பையை எடுக்க வேண்டும். அவர் மனைவி எல்லம்மாளுக்கு இது நன்றாகப் புரிந்திருந்தது. நான் இவள் பின்னாலேயே போகிறேன்.

3

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். சென்னை ஆஸ்பத்திரியில், கஜபதியின் உதட்டோரம் ஒட்டியிருந்ததை டாக்டர் பார்த்துவிட்டார்.

"என்னம்மா குடுத்தீங்க?"

"ஒண்ணுமே குடுக்கலீங்க. சாமி சந்தனந்தான், தண்ணில கரைச்சி.*"

"அதுவும் கூடாதும்மா. இன்னிக்கு மயக்க மருந்து குடுக்க முடியாது."

"அது மருந்துங்க. சாப்பாடா?"

(டாக்டர் கோபப்பட வேண்டிய இடம். எழுதிப் பார்த்தேன், மனிதர் சிரித்துத் தொலைத்தார். வேறு நாள் கொடுத்தார்.)

* திருத்தணி மலைக்கோயில் சந்தனத்தைக் குடிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். "மூடநம்பிக்கை" என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். கண்ணால் காணாத நூலை நம்பி ஒரு கதையே எழுதுகிற எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

4

மறுமுறை தண்ணீர்கூடத் தரவில்லை.

"வலிக்காதாம் பாவா, தூங்கிகினு இருப்பியாம்" என்று கணவரிடம் சொன்னாள். பிறகு டாக்டரிடம் திரும்பினாள்.

"அந்த நூல யாரு புடிச்சிகினு இருப்பாங்க?"

"நர்ஸ் இருக்காங்கம்மா."

"என்கிட்ட குடுங்க. வேர் அறாம நாத்து புடுங்கற கைங்க இது."

"கை நடுங்குதேம்மா."

அவள் பார்த்தாள். நடுங்கியது. சட்டென்று இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

5

முடிவு அ: கட்டி முழுசாக வந்தது.

முடிவு ஆ: கிளிப் நழுவியது. வயிற்றைத் திறக்கிறார்கள்.

இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். அவள் முன்னால் போய் நிற்க எனக்குத்தான் தைரியம் வரவில்லை. மூடிய கதவுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, "யார்னா வந்து சொல்லுங்களேன்" என்று அவள் கேட்டுகினே இருக்கிறாள். (பாருங்கள், அவள் பேச்சு என் நடைக்குள் வந்துவிட்டது.)

கதவு திறக்கிறது. வெளியே வருவது நீங்கள்தான், இரண்டில் ஒரு முடிவோடு. எல்லம்மாள் எழுந்துவிட்டாள், உங்கள் முகத்தைப் பார்க்கிறாள்.