சாவி கைமாறும் படி

இருபத்தெட்டு வருஷமாகக் கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஒரகடத்தில் என் வண்டியின் கடைசி நிறுத்தம் இசக்கிபாண்டியின் வீட்டு வாசல். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். இரவு ஷிப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்கு அவன் இறங்குவான். அதே படியில் அவன் மனைவி சொர்ணம்மாள் வேலைக்கு ஏறுவாள். ராத்திரி ஒன்பதுக்கு, ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலையும் முடித்து அவள் இறங்க, அவன் ஏறுவான். இரண்டு வேளையும் வீட்டுச் சாவியோடு ஒரு நோட்டும் கைமாறும். கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது மெஷின் நிலவரத்தை எழுதி வைப்பதுபோல அதில் எழுதுவார்கள்: 'கேஸ் புக் செய்தாயிற்று. மோட்டார் ரிப்பேர். சுகப்பிரியா சாப்பிடவில்லை.' இந்த ஊருக்கு வந்தபின் ஆறு வருஷக் குடித்தனமும் என் படியில்தான். படி ஒரு அங்குலம் தேய்ந்துவிட்டது.

சுகப்பிரியா அவர்கள் மகள், பிளஸ் ஒன். நாற்பது நாளாகப் பள்ளிக்குப் போகாமல் அறைக்குள் தாழிட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமையும் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவதாகப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூரில் குடும்ப ஆலோசனை தரும் அமலா மேடத்திடம் சொர்ணம்மாள் ஒருமுறை போனாள், இசக்கி ஒருமுறை போனான். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் பேச்சு என்று அவர் இருவரையும் திருப்பி அனுப்பினார். இருவருக்கும் ஒரே நாளில் லீவு கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, நான் சொல்லி வரவழைத்த அமலா மேடத்தை முந்தின நிறுத்தத்தில் ஏற்றிக்கொண்டேன். வாசலுக்கு வந்து, இசக்கி இறங்குமுன் சொர்ணம்மாள் ஏறியதும் வண்டி நின்றுபோனது. வண்டிச் சாவி டிரைவர் சட்டைப்பையில் இருந்தால் எந்த வண்டியும் கிளம்பாது. ஹாரன் வேறு சிக்கிக்கொண்டு அலறியது. அந்தச் சத்தத்துக்கு, எங்கோ இருக்கிற சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயில் ஒதுங்கி வழிவிட்டது என்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

கால் மணி நேரத்தில் மாடிக் கதவு திறந்தது. தலைகூட வாராமல் இறங்கி வந்த சுகப்பிரியா, ஹாரனை விட்டு எடுக்க முடியாமல் கையில் வாதமா என்று என்னிடம் கேட்டாள்.

"கை நல்லாத்தான் கீது. உங்கப்பாவும் அம்மாவும் ஒரே சீட்ல குந்திக்கினு கீறாங்க. பாக்கணும்னா ஏறு."

ஏறினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அம்மா மடியிலிருந்த நோட்டைப் பிடுங்கி உரக்கப் படித்தாள்: "செவ்வாய், சுகப்பிரியா, மாற்றமில்லை. புதன், சுகப்பிரியா, மாற்றமில்லை." வண்டியில் இருந்த முப்பது பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

"நான் என்ன மெஷினா?"

இசக்கி சமாதானம் சொல்ல வாயெடுத்தான். அமலா மேடம் கையமர்த்தினார். சமாதானம் வேண்டாம், இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள் என்றார்.

சொர்ணம்மாள்தான் முதலில் பேசினாள். "இன்னையில இருந்து ஓ.டி. கெடையாது. ஆறு மணிக்கு வீட்டுல நிப்பேன். சூப்பர்வைசர் ஒத்துக்கிடலன்னா வேற கம்பெனி பாத்துக்கிடுதேன்."

இசக்கி, ஷிப்ட் மாற்றித் தருகிற வரை தினமும் கேட்பதாகவும், அதுவரை ஒன்பது மணி பஸ்ஸுக்கு முன்னால் மூன்று பேரும் சேர்ந்தே சாப்பிடுவதாகவும் சொன்னான். எழுதிக் கொடுங்கள் என்றாள் மகள். நோட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அவள் நோட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, "பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று இறங்கிப் போனாள். அந்த நேரம் பார்த்து வண்டியும் சரியாகிவிட்டது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் சாயங்காலம் ஆறு மணிக்கு மாடியில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். இரண்டு நாளும் அம்மா வந்தாள்.

திங்கட்கிழமை காலை இசக்கி இறங்கினான், சொர்ணம்மாள் ஏறினாள். பின்னாலேயே சுகப்பிரியா, பள்ளி யூனிபார்மில். கம்பெனி பஸ்ஸில் வெளியாளை ஏற்றக்கூடாது என்பது விதி. நான் ஏற்றவில்லை, அவளாக ஏறினாள்.